மைக்ரோவேவுக்குள் மின்னல்

“பட்... பட்... படார்!”

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தெட்சிணாமூர்த்தி எழுந்து ஓடினார்.

சமையலறை மேடையில் இருந்த மைக்ரோவேவ் பெட்டிக்குள், ஐப்பசி அடைமழைக்கு வெட்டுகிற மாதிரி மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. எதிரே மருமகளின் அம்மா பங்கஜவல்லி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். குப்பென்று கருகல் நாற்றம். உள்ளே எவர்சில்வர் கிண்ணத்தில் ஏதோ குழம்பு, அதற்குள் எவர்சில்வர் ஸ்பூன். பெட்டியின் உள்சுவரில் கறுப்பாக ஒரு தழும்பு.

“நேத்துக் குழம்பு மிச்சம் இருந்துச்சுண்ணே. அண்ணி பட்டனை அமுக்கறதைப் பார்த்திருக்கேன். அதே மாதிரிதான் நானும் அமுக்குனேன்...” பங்கஜவல்லி கிண்ணத்தையும் கறுப்புத் தழும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அடுத்த பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிடறேன்.”

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டி அவர் மனைவி வடிவாம்பாளின் செல்லப்பிள்ளை. அதற்குப் பூப்போட்ட உறை உண்டு. வெள்ளிக்கிழமையானால் சந்தனம், குங்குமம் உண்டு. கண்ணாடி, பீங்கான் தவிர வேறு எந்த ஏனமும் உள்ளே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். போன மாதம் மகன் தமிழ்ச்செல்வன் ஸ்பூனோடு பாலைச் சுட வைக்கப் போய் வாங்கிய திட்டு, கோவில்பத்து ஏரியா முழுக்கக் கேட்டது.

மருமகள் கீர்த்திகாவோ வண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குச் சோறே இறங்குகிறது. ஆனால் பெண் கொடுத்த வீட்டில் வந்து தங்குவதற்கே கூசுகிறவள் பங்கஜவல்லி. புதுக் குழம்பு கொதிக்கும்போதே, “எனக்குப் பழசு போதும்” என்பாள். இன்றைக்கு ஒரு வார்த்தை தடித்து விழுந்தால் போதும், சொந்த ஊர் திருவேட்டக்குடிக்குப் போனவள் திரும்ப மாட்டாள்.

கேட் திறக்கும் சத்தம். மார்க்கெட்டுக்குப் போன வடிவாம்பாள் வந்துவிட்டாள்.

“நீங்க வாயையே திறக்காதீங்க. இது என் டிபார்ட்மெண்ட்” என்றார் தெட்சிணாமூர்த்தி.

பொய் அவருடைய டிபார்ட்மெண்ட்தான். அரசலாற்று முகத்துவாரத்தில் சிக்கிய திமிங்கிலத்தைத் தோளால் முட்டியே கடலுக்குள் தள்ளிவிட்டவர். புயலில் பறந்த கூரையை எட்டிப் பிடித்து, மேலே உட்கார்ந்திருந்த பூனை இறங்காமல் திருப்பி மாட்டியவர். என்ன, இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவரை நம்பினதில்லை. முக்கியமாக வடிவாம்பாள்.

“என்னங்க கருகல் வாசனை?”

பையைப் போட்டுவிட்டு நேரே பெட்டியிடம் போனாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ஸ்பூனைப் பார்த்தாள். பங்கஜவல்லியை ஒரு தரம் பார்த்தாள்.

“யார் வெச்சது?”

“நான்தான்.”

“நீங்களா? எதுக்கு?”

“பசிச்சுது. குழம்பைச் சுட வெச்சேன்.”

“எவர்சில்வரை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“அதெல்லாம் நம்ம ஊர்ல. பாரீஸ்ல ஸ்பூனைப் போட்டுத்தான் வைக்கிறாங்களாம். அப்பத்தான் சூடு அடி வரைக்கும் இறங்குமாம். ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னார்.”

“எந்தப் பிரெஞ்சுக்காரர்?”

“பீச்சுல நடக்கறப்போ பார்த்தேன்.”

“உங்களுக்குத்தான் பிரெஞ்சே தெரியாதே?”

“அவருக்குத் தமிழ் தெரியும்.”

வடிவாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆரம்பித்தாள்.

“பேரன் எடுக்கற வயசாச்சு, இன்னும் புத்தி வேணாம்? வீட்டையே கொளுத்தப் பார்த்தீங்களே! சம்பந்தியம்மா நிக்கறாங்க, நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க? இனிமே அடுப்படிப் பக்கம் உங்க தலை தெரிஞ்சுது...!”

“அத்தை, போதும், மாமா பாவம்” என்று அறைக்குள்ளிருந்து கீர்த்திகா குரல் கொடுத்தாள். வசவு நிற்கவில்லை. எதிர்வீட்டு நாய்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டது.

தெட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தால் இல்லை, சிரிப்பை மறைக்க. அவர் விட்ட கதையை முதல்முறையாக ஒருத்தி முழுசாக நம்பியிருக்கிறாள். அதுவும் வடிவாம்பாள்!

கடைசியில் பங்கஜவல்லியே குறுக்கே வந்தாள். “விடுங்க அண்ணி. அண்ணே தெரியாம வெச்சுட்டாங்க.”

“உங்களுக்காக விடறேன் சம்பந்தியம்மா. மாவுக்கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க. இந்த மனுஷனை என்னால தனியா மேய்க்க முடியாது.”

பங்கஜவல்லிக்கு முகம் தெளிந்தது. பஸ்ஸை மறந்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மதியச் சாப்பாடு. பங்கஜவல்லி எதிரிலேயே, வடிவாம்பாள் கணவர் தட்டில் சோற்றைப் போட்டாள். காலையில் மின்னல் வாங்கிய குழம்பை அடுப்பில் சுட வைத்துக் கொண்டுவந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அதன் தலையில் கவிழ்த்தாள்.

பாகற்காய்க் குழம்பு.

“காலையிலேயே ஆசைப்பட்டீங்களே, சாப்பிடுங்க.”

பங்கஜவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். தெட்சிணாமூர்த்திக்கு வேறு வழியில்லை. “பிரமாதம்!” என்று கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார்.

பங்கஜவல்லி மகளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், வடிவாம்பாள் மோர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தாள்.

“பாகற்காய் வெச்சா ஹோட்டலுக்கு ஓடற மனுஷன், பசிக்குதுன்னு அதைச் சுட வெச்சாராம். அடுத்த தடவை கிண்ணத்துக்குள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டாவது பொய் சொல்லுங்க.”

அவர் கை பாதியில் நின்றது. “தெரிஞ்சுமா அந்தக் கத்து கத்தினே?”

“பின்னே? உங்க பொய்யை நான் நம்பிட்டேன்னு அவங்க நம்பணும்ல?”