அவர்கள் கன்னடத்தில் பேசினார்கள்

செல்போன் திரையில் மாமனார் பிரிட்ஜைத் திறப்பதைப் பார்த்ததும், ஆபீஸில் இருந்தபடியே ஜெயப்ரியா அவருக்கு போன் போட்டாள்.

“மாமா, அது பிள்ளைகளுக்கு வாங்கி வச்ச தயிர். உங்களுக்கு மோரு கீழ்த் தட்டுல இருக்கு.”

ஆஞ்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். “செரிம்மா” என்று பிரிட்ஜை மூடினார். ஹால் அலமாரிமேல் இருக்கும் வெள்ளை டப்பாவை நெட் பெட்டி என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். பார்க்கவும் கேட்கவும் தெரிந்த கேமரா அது என்று சொன்னால் மட்டும் இந்தப் பட்டிக்காட்டு ஜென்மங்களுக்கு என்ன விளங்கப்போகிறது?

காலாண்டு லீவு விட்டதும் தளியிலிருந்து டவுன் பஸ் பிடித்து மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மூட்டை ராகி மாவு, ஒரு பை பீன்ஸ், கூடவே ‘பேரப்புள்ளைங்களப் பாக்கணும்போல இருந்திச்சு’ என்ற பழைய பாட்டு.

ஓசூரில் மூன்றாவது மாடி பிளாட், பளபளவென்று டைல்ஸ், பைப்பைத் திறந்தால் தண்ணீர். ஒட்டிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜெயப்ரியா முதல் நாளே கணித்துவிட்டாள். லீவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை. கார்ன்பிளேக்ஸ் சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் களியை உருட்டி ஊட்டினாள் மாமியார் நஞ்சம்மா.

பெற்ற மகனிடம்கூட முகம் கொடுத்துப் பேசத் தெரியவில்லை அவர்களுக்கு. மஞ்சுநாத் கம்பெனியிலிருந்து உள்ளே வந்தால் ஆஞ்சப்பன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். நஞ்சம்மா மருமகளுக்குத் தட்டு வைப்பாளே தவிர, மகனைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாள். அவனும் ஓவர்டைம், ஓவர்டைம் என்று வெளியிலேயே கிடந்தான். இந்த மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டு எவன் வீட்டில் இருப்பான் என்று புருஷனுக்காகப் பரிதாபப்பட்டாள் ஜெயப்ரியா.

எல்லாவற்றையும்விட எரிச்சல் கன்னடம்தான். அவளிடமும் பிள்ளைகளிடமும் தமிழ் பேசுகிறவர்கள், தனியாக உட்கார்ந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள். ஜெயப்ரியா சிவகாசிக்காரி. ஓசூருக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷமாகியும் அவள் அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லை. இவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது?

அன்று பிள்ளைகள் அறைக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சம்மா அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து புருஷன் எதிரே உட்காருவதைத் திரையில் பார்த்தாள் ஜெயப்ரியா. மெதுவாகத் தொடங்கிய பேச்சு சூடேறியது. ஆஞ்சப்பன் சோபாவின் கையில் ஓங்கி அறைந்தார். நஞ்சம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். நடுநடுவே தன் பெயர் விழுவது மட்டும் ஜெயப்ரியாவுக்குப் புரிந்தது.

அத்தனையையும் பதிவு செய்துகொண்டு மஞ்சுநாத்துக்கு போன் போட்டாள்.

“உங்க அப்பாவும் அம்மாவும் என்னைய என்னா பேச்சு பேசுறாக தெரியுமா? இனி ஒரு நாளும் ஆகாது. சாயங்காலம் வண்டி சொல்லிட்டேன், ஏத்தி அனுப்பிருவேன்.”

அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. “அதான் நல்லது. அனுப்பிச்சிரு” என்றான்.

எந்தப் புருஷன் பெற்றவர்களை விட்டுவிட்டு இப்படிப் பெண்டாட்டி பக்கம் நிற்பான்? ஜெயப்ரியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதியம் கேன்டீனில் பர்சேஸ் செக்‌ஷன் திம்மராயனைப் பிடித்தாள். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் கன்னடம்தான். சாட்சிக்கு இருக்கட்டும் என்று கூட வேலை செய்யும் ரேவதியையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“ஒண்ணு விடாமச் சொல்லணும் சார். வண்டி ஏத்துறப்ப மூஞ்சிக்கு நேரா நான் கேக்கணும்.”

திம்மராயன் போனைக் காதோடு வைத்துக் கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை பாதியில் நின்றது. முழுக்கக் கேட்டு முடித்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“ரேவதி மேடம், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன்.”

“அவ இருக்கட்டும் சார்” என்றாள் ஜெயப்ரியா. “இவுக யோக்கியதைய நாலு பேரு தெரிஞ்சிக்கிறட்டும்.”

“வேணாங்க மேடம். வயசானவங்க பேச்சு. உட்ருங்க.”

“பாத்தியா ரேவதி? சொல்ல நாக்கூசுற அளவுக்குப் பேசியிருக்காக. சும்மா சொல்லுங்க சார், நான் தாங்கிக்கிருவேன்.”

“உங்கள ஒண்ணுமே திட்டலீங்க.”

“பின்ன அம்புட்டுக் கோவம் யாரு மேல?”

திம்மராயன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பாகலூர்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துற மகன் மேல. அத அறுத்து உடாம, இந்தப் பொண்ணத் தனியா உட்டுட்டு ஊருக்குப் போவக்கூடாதுங்கறாங்க.”