உறைக்குத் திரும்பும் வாள்

ஞாயிற்றுக்கிழமை வெயில் சோபாவில் சரிந்து கிடக்கிறது. சாமுராய் படங்களைக் கரைத்துக் குடித்த பல் டாக்டர், அந்த வீரர்களைப் போலவே கீழே பார்க்காமல், புதிதாக வாங்கிய வாளை இடுப்பு உறைக்குள் சொருகுகிறார். பாதியில், உறையைப் பிடித்திருக்கும் கட்டைவிரலில் ஏதோ ஈரம் வழிகிறது. இருபது வருடமாக ஊரார் வாயில் ரத்தம் பார்த்தவர், தன் விரலைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். “நாளைக்கு நாலு பேருக்குப் பல்லு பிடுங்கணும். விரல் இருக்கா பாரு,” என்கிறார் மனைவியிடம். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்க்கிறாள். “காலைல வாளுக்குப் பூசினீங்களே, அந்த எண்ணெய்தான். இது பட்டாணியக்கூட வெட்டாதுங்க.” டாக்டர் நீளமாக மூச்சு விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து விரலையும் எண்ணிக்கொள்கிறார். பிறகு குனிந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டே, அந்த மொண்ணை வாளை மிச்சத் தூரமும் உள்ளே தள்ளுகிறார்.