தள்ளுபடிக்கு ஒரு புரொசீஜர்

“அறுநூறா? எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னா எப்படி? கட்டுப்படியாகிற மாதிரி சொல்லுங்க தம்பி.”

பாத்திரக்கடைக்காரம்மா கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது கடையில்லை, நூலகம். அறுநூறு என்பது விலையில்லை, அபராதம். அந்த வித்தியாசத்தை எல்லாம் அவர் ஒரு பொருட்டாக மதித்ததாகத் தெரியவில்லை.

புரோகிராமர் அசடு வழியச் சிரித்தான். “அக்கா, இது நான் சொல்ற தொகை இல்ல, கம்ப்யூட்டர் போட்டது. இன்னைக்கு உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே?”

“வந்ததாலதானே கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கேன்!”

பின்னால் நின்ற நூலகச் செயலாளர் கனைத்தார். புத்தகம் கொடுக்க ஒன்று, திரும்ப வாங்க ஒன்று, கெடு தாண்டினால் அபராதம் போட ஒன்று என்று டேட்டாபேஸில் கணக்கைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் மூன்று கட்டளைத் தொகுப்புகளை, அவன் பாஷையில் ‘புரொசீஜர்’களை, எழுத அவனைத் தற்காலிகமாக வைத்தவர் அவர்தான்.

“வாய்க்கு வந்த பேரு, கைக்கு வந்த போன் நம்பருன்னு இல்லாத ஆளுங்களை உண்டாக்கி அபராதம் போட்டு விளையாடினது போதும். இன்னைக்கு நிஜமா ஒரு அபராதமாவது உள்ள வரணும். வந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ” என்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார். உறுப்பினர் பட்டியலில் அபராதம் ஏறியிருந்த பேர் மொத்தத்துக்கும் மெசேஜ் பறந்தது. சாயங்காலம் வரை வந்து நின்றவர் இந்த அம்மா ஒருவர்தான்.

“முழுசாக் கட்டினாத்தான் புரொசீஜர் ஏத்துக்கும்கா. குறைச்சுக் கட்டினா எதையும் பதியாம திருப்பி அனுப்பிடும்.”

“அப்ப அதுக்கு வியாபாரம் தெரியலைன்னு சொல்லுங்க. இங்க பாருங்க, மெசேஜ்ல யாரோ ஒருத்தி பேரைப் போட்டிருக்கு. பேரே தப்புன்னா தொகை மட்டும் எப்படிச் சரியா இருக்கும்?”

“பழைய ரிஜிஸ்டர்லேர்ந்து ஏத்தும்போது பேரு கொஞ்சம் இடம் மாறியிருக்கும்கா.”

“அந்தத் தப்புக்கு ஒரு நூறைக் குறைங்க.”

செயலாளர் கண்ஜாடை காட்டினார். புரோகிராமர் அவசர அவசரமாகத் தள்ளுபடிக்கென்று நாலாவதாக ஒரு புரொசீஜரைத் தட்டி, அதற்குள் நூறு என்று எழுதினான். அதை ஓட்டுவதற்குள் அம்மா அடுத்த கல்லை எறிந்துவிட்டார்.

“அந்தப் புத்தகத்தைக் கண்ணால பார்த்த ஞாபகம்கூட எனக்கு இல்ல. படிக்காத புத்தகத்துக்குப் படிச்சவங்க ரேட்டா?”

“இரவல் வாங்கினவங்க எல்லாருக்கும் வர்ற மறதிதாம்மா இது” என்றார் செயலாளர்.

“வீடு தேடி மெசேஜ் அனுப்பிக் கூப்பிட்டு வச்சு மறதிக்காரிங்கறீங்களா? அந்தப் பேச்சுக்கு இன்னொரு நூறு.”

நூறை அழித்து இருநூறு போட்டான். இருநூறை அழித்து முந்நூறு போட்டான். கடைசியில் வெறுத்துப்போய், தள்ளுபடித் தொகையை உள்ளே எழுதாமல் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி புரொசீஜரையே மாற்றினான்.

“இருநூறு தர்றேன். மனசிருந்தா வாங்குங்க.” அம்மா எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

“வாங்கிக்கடா!” என்று செயலாளர் அலறினார்.

பணம் உள்ளே வந்தது. புரொசீஜர் சமர்த்தாகப் பதிந்துகொண்டது. நூலகத்தின் முதல் கம்ப்யூட்டர் ரசீது இரைச்சலோடு வெளியே வந்து விழுந்தது. செயலாளர் புரோகிராமரின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். “பிழைச்சே போ. வேலை உனக்குத்தான்.”

அம்மா ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார். அறுநூறை இருநூறாக்கிய பூரிப்பில் முகம் தேய்த்து வைத்த குத்துவிளக்காக மின்னியது. போகிற போக்கில் புத்தக அலமாரிகளை நின்று நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தவர், திரும்பி வந்து மேசையில் கையூன்றிக் கேட்டார்.

“இடம் நல்லாத்தான் இருக்கு. ஆமா தம்பி, இங்க மெம்பராச் சேரணும்னா என்ன பண்ணணும்?”