பத்து வாய்கள்

"இதுல உன் பல்லு மாதிரி எது இருக்கு? தொட்டுக் காட்டு" என்று பல் டாக்டர் அட்டையை நீட்டினார்.

அட்டையில் பத்து வாய்களின் படங்கள். முதல் வாய் பற்பசை விளம்பரம். கடைசி வாய் பஸ்ஸில் இடம் பிடிக்க முண்டியடிக்கும் கூட்டம்.

பல்லைச் சீராக்கும் இலவசக் கம்பி யாருக்கு என்பதை முதலில் அளவுகோல் சொல்லும். அது இழுபறியானால் பிள்ளையின் விரல் சொல்லும். இந்தச் சிறுமிக்கு இழுபறி.

கடவுள் அவசர வேலையாக எங்கோ கிளம்பும்போது நட்டுவிட்டுப் போனது போல, இவளுடைய முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வேடிக்கை பார்த்தன. பள்ளிக்கூடத்தில் இவளுக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பெயர்.

வரும் வழியெல்லாம் அம்மா பாடம் நடத்தியிருந்தாள். கடைசி வாயைத்தான் தொட வேண்டும்.

மகள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது வாயைத் தொட்டாள்.

முகக்கவசத்துக்குள்ளிருந்து அம்மா சீறினாள். "அடியே, கண்ணு தெரியலையா? டாக்டர், இவ பொய் சொல்றா. தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு அழறா."

மேசைக்கு அடியில் மகளுக்கு அம்மா ஓர் உதை விட்டாள். அது தவறி டாக்டரின் முழங்காலில் பட்டது.

"அம்மா, நீங்க வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர், காலைத் தடவிக்கொண்டே.

கதவு சாத்தியதும் அட்டையை மறுபடி நீட்டினார். விரல் தயங்காமல் கடைசி வாய்க்குப் போனது.

"இத முன்னாடியே காட்டியிருக்கலாமே?"

"அம்மா இருந்தாங்கல்ல."

டாக்டருக்குப் புரியவில்லை.

கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க இறக்கிய முகக்கவசம் அம்மாவின் கழுத்தில் தொங்கியது. அம்மாவுக்கு முன்னால் இரண்டு பற்கள் அறைக்குள் வந்தன.

அதே இரண்டு.

"இப்ப எதக் காட்டுனா, டாக்டர்?"

டாக்டர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"படமே தேவைப்படல. திரும்ப அளந்தேன், அளவுலயே வந்துடுச்சு. கம்பி போட்டுடலாம்."

பொய் சொன்ன இருவரும், டாக்டரும் மகளும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் சட்டென நினைவு வந்து, அவள் கை முகக்கவசத்தைத் தேடியது.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.