வாளிக்குள் இரண்டு கைகள்

அருங்காட்சியகத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையில் குடும்பத்துக்கு ஒரு வாளி மாவுக்குழம்பு கொடுத்தார்கள். கோர்த்த கைகளை அதில் முக்கி, குழம்பு இறுகியதும் உருவிவிட்டால், உள்ளே விழுந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றிக் கைகளைச் சிலையாக்கித் தருவார்கள். தணிகைவேலும் மகள் அமிழ்தாவும் முக்கியிருந்தார்கள். அன்று மாலை விமானத்தில் அவள் அம்மாவோடு கனடா போகிறாள். கோர்ட்டு கொடுத்த இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. வாசலில் அம்மாவின் கார் ஹாரன் அடித்தது.

“இறுகிடுச்சு சார், எடுத்துடலாம்,” என்றாள் பட்டறை நடத்தும் பெண்.

“இல்லம்மா, இன்னும் கொழகொழன்னுதான் இருக்கு.”

அது ரப்பர் போல இறுகிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடியும் ஹாரன்.

“அப்பா, வலிக்குதுப்பா.”

அவன் பிடியைத் தளர்த்தினான். அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியேறின. கையைக் கவுனில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

“நீங்களும் அப்படியே நேரா உருவுங்க சார். விரலை மட்டும் மடக்கிடாதீங்க, பாப்பா கை அச்சு பிஞ்சுடும்.”

உள்ளே, அவள் கை இருந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தணிகைவேல் விரல்களை மடக்கி அந்த வெதுவெதுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.