நுகர்வோர் எண்

“எரிவாயு அவசர உதவி மையம். உங்க நுகர்வோர் எண்ணைச் சொல்லுங்க,” என்றார் அதிகாரி. கேட்ட டீ இன்னும் வராத எரிச்சல் அவர் குரலில் தெரிந்தது.

“எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது சார். கேஸ் நாத்தம் குப்புன்னு அடிக்குது. அடுப்பு வால்வை மூடியும் நிக்கல. உடனே ஆளை அனுப்புங்க,” என்றது ஒரு பெண் குரல்.

“எண் இல்லாம புகாரைப் பதிய முடியாதும்மா. பில்லை எடுத்துப் பாருங்க, மேலேயே இருக்கும்.”

“எங்களுக்குப் பில்லே வராது சார்.”

“பில் வராம கேஸ் எரிக்கிறீங்களா? திருட்டு இணைப்பா?”

“வார்த்தையை அளந்து பேசுங்க சார். நேத்து லேசா அடிச்சப்பவே போன் பண்ணேன். எண் இல்லைன்னதும் வெச்சிட்டீங்க. எந்த இடம்னு சொல்ல விட்டாத்தானே?”

அதிகாரியின் எதிரே சுவர் நிறையத் திரை. அதில் துறைமுகத்திலிருந்து பல நூறு மைல் ஓடிவந்த எரிவாயுக் குழாய், ஊர் ஊராகக் கிளை பிரியும் கோடுகளாகத் தெரிந்தது; எல்லாக் கோடும் பச்சையாகவே ஒளிர்ந்தது.

“இங்க எல்லாம் பச்சை. துறைமுகத்துல துளி கசிஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும். கோளாறு உங்க மூக்குலதான்.”

“அப்படியா? ஜன்னல் வழியா கீழே பாருங்க. வாசல்ல நின்னுதான் பேசறேன். மேல வந்து சொல்ல எனக்குப் பாஸ் கிடையாது.”

அதிகாரி எட்டிப் பார்த்தார். ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி, போனைக் காதில் வைத்தபடி அண்ணாந்து முறைத்தாள்.

“உங்க ஆபீஸ் கேன்டீன்தான் சார். மேலேர்ந்து கேட்ட டீ ஏன் வரலைன்னு இப்பவாவது புரியுதா?”