திங்கட்கிழமைச் சாட்சி

“நான் வரமாட்டன்,” என்றாள் பரமேஸ்வரி.

அம்மா இதைச் சொல்வது மூன்றாவது தடவை. துஷாராவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

டென்மார்க்கில், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவள் அவள். சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு அம்மா அப்பா இருக்கும் இக்காஸ்ட் நகரத்துக்கு வந்திருந்தாள். அம்மாவைச் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைக்க வேண்டும். வந்தது அதற்குத்தான்.

அம்மா வேலை செய்யும் மெத்தைத் தொழிற்சாலையில், மூன்று கிழமைக்கு முன், கூட வேலை செய்யும் கிருஷாந்தின் வலது கை உருளை இயந்திரத்துக்குள் போய்விட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு ஒரு காப்பு மூடி உண்டு. அன்றைக்கு அது கழற்றிக் கிடந்தது. கிருஷாந்த்தான் கழற்றினான், பிழை அவனுடையது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தான் வரும்போதே மூடி இல்லை என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவனுக்கு முதல் அந்த இயந்திரத்தில் நின்றவள் பரமேஸ்வரி. அவன் அலறியபோது ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தியவளும் அவள்தான். திங்கட்கிழமை வேலைப் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள்.

“ஆர் கழட்டினதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அம்மா?”

பரமேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

கோபம் வந்தால் துஷாராவுக்கு டெனிஷ்தான் வரும். இன்றைக்கு விடாப்பிடியாகத் தமிழிலேயே கதைத்தாள்.

“நான் பெடியளுக்கு என்ன படிப்பிக்கிறன் தெரியுமே? அமெரிக்காவில லோவெல் எண்டு ஒரு ஊர். அங்க பஞ்சாலையளில வேலை செய்ததில முக்கால்வாசியும் இளம் பொம்பிளையள். ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வேலை. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தஞ்சில அவையளில சிலபேர் சட்டசபைக் குழுவுக்கு முன்னால போய் நிண்டு, வேலையைப் பத்து மணித்தியாலமாக் குறையுங்கோ எண்டு சாட்சி சொன்னவை. வோட்டுப் போடுற உரிமைகூட இல்லாத ஆக்கள், அம்மா.”

“சட்டத்தை மாத்தினவையோ?”

“அப்ப மாத்தேல்லை. ஆனா அவையள் வாய் திறந்தபடியால்தான் பிறகு ஒவ்வொண்டா மாறினது.”

“வாய் திறந்தவையின்ர வீட்டில பிறகு என்ன நடந்தது எண்டு உன்ர புத்தகத்தில இருக்கோ?”

பயந்தவர்கள் சொல்லும் சாட்டு என்று துஷாரா நினைத்தாள்.

“அப்பாவைப் பாருங்கோ. இருபது வருசமா மற்றவைக்காகச் சண்டை பிடிக்கிற மனுசன். அவருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நீங்கள் இப்பிடி.”

அப்பாவைப் பற்றி அவள் சொன்னது உண்மை. சபாரத்தினம் அதே தொழிற்சாலையில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி. பாரம் தூக்க இயந்திரம், காதுக்கு உறை, காலையில் ஒரு இடைவேளை, எல்லாம் அவர் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவை. துஷாரா வரலாறு படிக்கப் போனதே அப்பாவைப் பார்த்துத்தான்.

“அப்பா ஏன் உங்களை வற்புறுத்திறாரில்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. ‘அவளை விடு பிள்ளை, அவள் பயந்தவள்’ எண்டு சொல்லுறார்.”

வெட்டுகிற சத்தம் நின்றது.

“பயந்தவள் எண்டோ சொன்னவர்?”

“ஓம்.”

பரமேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அண்டைக்கு விடிய ஆறு மணிக்கே வேலை துவங்கிட்டுது. துணி இறுகி இறுகி நிண்டது. ஒவ்வொருக்காலும் மூடியைத் திறந்து இழுத்தெடுக்க நேரம் போகுது. மத்தியானம் லொறி வருது, முடிப்பியளோ எண்டு மனேஜர் வந்து வந்து கேக்கிறான். அப்பதான் மூடியைக் கழட்டினது. பத்து நிமிசத்துக்குத்தான் எண்டு சொல்லித்தான் கழட்டினது. பிறகு திருப்பிப் போட மறந்தாச்சு.”

“ஆர் அம்மா?”

“உன்ர அப்பா.”

துஷாரா ஏதோ சொல்ல எழும்பி, திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

“கிருஷாந்தில பழியைப் போடேக்க அப்பாவும் அந்த அறையிலதான் இருந்தவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வீட்டை வந்து என்னட்டை அழுதார். தான் சொன்னால் இருபது வருசமும் போச்சு, இனி அந்த பக்ரறியில தமிழாக்களின்ர பேச்சை ஒருத்தனும் மதிக்கமாட்டான் எண்டார்.”

பரமேஸ்வரி மகளை நேரே பார்த்தாள்.

“பயத்தில நான் பேசாமல் இருக்கேல்லை, பிள்ளை. எனக்கு எது சரியெண்டு தெரியேல்லை. நீ படிச்சனி. நீ சொல்லு. ‘வாங்கோ’ எண்டு சொன்னால் திங்கட்கிழமை நான் வந்து எல்லாத்தையும் சொல்லுறன்.”

மேசையில் கிடந்த துஷாராவின் போன் அடித்தது. கிருஷாந்தின் மனைவி பிரியந்தி.

“அம்மாவோட கதைச்சனீங்களே துஷாரா? உங்கட அப்பா இங்கதான் நிக்கிறார். இவருக்கு இடது கையால சாப்பிட வருகுதில்லை. அவர்தான் ஒவ்வொரு நாளும் வந்து சோறு தீத்திவிடுறார். சொந்தத் தமையன்கூட இப்பிடிப் பார்க்கமாட்டான். அம்மா திங்கட்கிழமை வருவாவோ?”

பரமேஸ்வரி கண்ணை எடுக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துஷாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆர் கழட்டினதெண்டு அம்மாவுக்குத் தெரியாதாம், அக்கா.”